அல்பேனியாவுக்குப் போகிற துணி

அய்யாவின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்ட ராக்கப்பன் துணி கேட்டபோது, சித்தி எடுத்து நீட்டியது காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணி. அந்த வீட்டில் வேறு துணிக்கு எங்கே போவது? சுவரோரமெல்லாம் அதுதான் சுருள் சுருளாக அடுக்கிக் கிடந்தது. தாடையையும் அதிலேயே கட்டினான். அவனைப் பெற்ற அய்யா தவசிமுத்து காலை ஏழரைக்குக் கடுங்காப்பி குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்தவர், சாய்ந்தபடியே போய்விட்டார்.

சித்தியின் அழுகை வாசலைத் தாண்டுவதற்குள் தெருவின் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. நாற்பது விசைத்தறி ஓடுகிற தெரு அது. சாவு விழுந்தால் எடுக்கும்வரை ஒரு தறியும் ஓடாது. எடுத்த பிறகுதான் சுவிட்சைப் போடுவார்கள். இராஜபாளையத்தில் அந்தப் பக்கத்துச் சனங்கள் தெருமுனையில் நின்று காதைக் கொடுத்தே, பிணம் எடுத்தாச்சா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள்.

மற்ற நாளென்றால் தறி நிற்பதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். இது தொண்ணூற்றொன்பது மே மாதம். ஐரோப்பாவில் எங்கேயோ கொசாவோ என்ற இடத்துக்காக நேட்டோ கூட்டுப்படை விமானங்கள் ஆறு வாரமாகக் குண்டு போட்டுக்கொண்டிருந்தன. அங்கிருந்து தப்பி ஓடிவந்த சனங்களுக்கு, அல்பேனியாவில் அதே நேட்டோப் படைக்காரர்கள் கூடாரம் அடித்துக்கொடுத்து ஆஸ்பத்திரியும் நடத்துகிறார்கள் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் கண்ணபிரான் வந்து சொன்னார். ஆர்டர் பிடித்துக்கொடுக்கிற ஏஜென்ட் அவர். அந்த ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் கட்டுத்துணியில் ஒரு பங்கு இந்தத் தெருவுக்கு வந்திருந்தது. கடைசி லோடு அன்று சாயங்காலம் ஆறு மணிக்குள் சலவை ஆலையில் இறங்க வேண்டும். முறை தப்பினால் அடுத்த முறை நாலு நாள் கழித்து. தூத்துக்குடியில் கப்பல் யாருக்காகவும் நிற்காது.

குண்டு போடுகிறவனே எதற்குக் கட்டுத்துணியும் கேட்கிறான் என்பது அய்யாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ரேடியோவில் செய்தி வரும்போதெல்லாம், இன்னும் நிறுத்தவில்லையா என்று கேட்டுச் சிரிப்பார். சிரிப்பு இருமலில் போய் முடியும்.

ராக்கப்பனின் நெஞ்சில் வேறொன்று கிடந்து உறுத்தியது. தங்கை இசக்கியம்மாள் நாலு வருஷத்துக்கு முன்னால் வீட்டில் சொல்லாமல் கல்யாணம் கட்டிக்கொண்டு திருப்பூர் போய்விட்டாள். என் வாசல் மிதிக்கக்கூடாது என்று அய்யா கத்தியது தெருவுக்கே கேட்டது. அதே அய்யா போன மாதம் ஒருநாள், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, அவளுக்கு ஒரு லெட்டர் போடு, வந்துட்டுப் போகட்டும் என்றார். நாளைக்கு எழுதுவோம் என்று நினைத்தான். அன்றைக்குத்தான் இந்த ஆர்டர் வந்தது. இரண்டு ஷிப்டு தறியில் நின்றுவிட்டு வருகிறவனுக்கு நாளை என்பது வரவே இல்லை.

காலையில் எஸ்டிடி பூத்திலிருந்து அவள் வேலை பார்க்கும் பனியன் கம்பெனிக்குப் போன் போட்டுச் சேதி சொன்னான். அரை மணி கழித்து மறுபடி கேட்டபோது, புறப்பட்டுவிட்டாள் என்று பதில் வந்தது. வந்து சேர எப்படியும் நாலரை ஆகிவிடும்.

பதினோரு மணிக்குத் தறிக்காரர்களில் மூத்தவரான தங்கச்சாமி வந்து பந்தலுக்குக் கீழே உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் கண்ணபிரான், கையில் ஹெல்மெட்டோடு, எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றார். நல்ல மனுஷன். பேச்சை எடுக்கக் கூசினார். தங்கச்சாமிதான் எடுத்தார். வெயில் கொளுத்துகிறது, ஐஸ் பார் எத்தனை வைத்தாலும் தாங்காது, ரெண்டு மணிக்கு எடுத்துவிட்டால் ரெண்டரைக்குத் தறி ஓடும், லோடும் போய்விடும் என்றார். சொன்னது எதிலும் பொய் இல்லை.

தங்கச்சி வரணும் என்றான் ராக்கப்பன். வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்ட பிள்ளைதானே என்று யாரோ முணுமுணுத்தார்கள். கண்ணபிரான் தலையைக் குனிந்துகொண்டார். அங்கே முகாமில் கைக்குழந்தைகள் நிறைய என்று மட்டும் சொன்னார்.

எல்லோரும் ராக்கப்பன் வாயையே பார்த்தார்கள். ரெண்டு மணிக்கு எடுத்தால் அவள் அய்யா முகத்தைப் பார்க்க முடியாது. அவளுக்காக எடுக்காமல் வைத்திருந்தால் முகம் தெரியாத சனங்களின் துணி நின்றுபோகும். தெருக்காரர்கள் நாளைக்கு என்ன பேசுவார்கள் என்பதும் அவனுக்குத் தெரியும்.

"தறிய ஓட்டுங்க" என்றான்.

"என்னலே சொல்லுத?"

"ஓட்டுங்க மாமா. அய்யா இங்க இருக்கட்டும். எந்தங்கச்சி வந்த பொறவு எடுப்போம்."

அந்தத் தெருவில் பிணத்தை வைத்துக்கொண்டு தறி ஓடியதே கிடையாது. தங்கச்சாமி வீட்டுக்குள் திரும்பி ராக்கப்பனின் அம்மா வேலுத்தாயைப் பார்த்தார். அவள் தலைமாட்டில் உட்கார்ந்து ஈச்சோலை விசிறியால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். விசிறியை நிறுத்தவில்லை.

"முப்பது வருசமா அந்தச் சத்தத்துலதான தூங்குனாக" என்றாள். "ஓட்டச் சொல்லுங்க."

பன்னிரண்டு மணிக்கு முதல் தறி கிளம்பியது. பிறகு பக்கத்துத் தறி. கொஞ்ச நேரத்தில் தெருவே அதிர்ந்தது. ஒப்பாரி வைத்த பெண்கள் சத்தத்தைக் கூட்டிப் பார்த்து, முடியாமல் வாயை மூடிக்கொண்டார்கள். குறுக்கு நூலோடு நாடாக் கட்டை போய்வருகிற ஒவ்வொரு அடியும் ராக்கப்பனின் மண்டைக்குள் விழுந்தது. செய்யக்கூடாததைச் செய்துவிட்டோமோ என்ற பயம் ஒருபக்கம், தங்கச்சிக்கு இந்த அளவாவது செய்தோமே என்ற ஆறுதல் ஒருபக்கம்.

மூன்று மணிக்கே பெரியப்பா மகனைப் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பினான். நாலாயிற்று. நாலரை ஆயிற்று. மதுரைப் பஸ் மூன்று வந்துபோயின, அவள் இல்லை என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினான் அவன். ஐஸ் கரைந்து தரையெல்லாம் தண்ணீர். மூக்கைப் பொத்தாமல் உட்கார்ந்திருக்க எல்லோரும் பாடுபட்டார்கள். நீர்மாலை எடுத்து வந்து குளிப்பாட்டியும் ஆயிற்று. ராக்கப்பன் ஒவ்வொரு வேலையையும் மெதுவாகச் செய்தான். மெதுவாகச் செய்வதற்கும் வேலை தீர்ந்துபோனது.

ஐந்தேகாலுக்குத் தங்கச்சாமி அவன் தோளில் கைவைத்தார். "இனி தாங்காதுய்யா. இருட்டுறதுக்குள்ள சுடுகாட்டுல சேக்கணும்."

பத்து நிமிஷம் கேட்டான். கொடுத்தார்கள். அந்தப் பத்து நிமிஷமும் போயிற்று.

பாடையின் முன்பக்கம் வலது தோள் அவனுடையது. இரண்டு பக்கமும் தறி இரைய, அந்தச் சத்தத்தில் மேளக்காரர்கள் அடிப்பதே எடுபடவில்லை. லோடு ஏற்றி முடித்த லாரியும் பின்னால் கிளம்பிவிட்டது. ஒடுங்கிய தெரு, பாடையைத் தாண்ட வழியில்லை. டிரைவர் பக்கத்தில் கண்ணபிரான் உட்கார்ந்திருந்தார்.

தெருமுனைப் பாலத்துக் கட்டையில் ஒரு பெண் மடியில் பையை வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். கூட்டம் நெருங்கியதும் நிமிர்ந்தாள். இசக்கியம்மாள். மெயின் ரோட்டில் மில் ஸ்டாப்பிலேயே இறங்கி நடந்தால் தெருமுனைக்கு வந்துவிடலாம் என்பது அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அவள் பாடையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடி பாடையைப் பார்த்தாள்.

"எப்ப வந்த?" என்று கேட்டான்.

"மூணே முக்காலுக்கு."

"வீட்டுக்கு வராம இங்கன என்ன செஞ்ச?"

"தறி ஓடிட்டிருந்துச்சுண்ணே. எடுத்தாச்சுன்னு நெனச்சிட்டேன். அவுக இல்லாத வீட்டுக்குள்ள நான் யாரக் கேட்டு வர?"

வீட்டிலிருந்து இருநூறு தப்படி தூரம். அங்கே அவள் உட்கார்ந்திருந்தது ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல்.

"உன்ன வரச் சொன்னாக இசக்கி" என்றான். "போன மாசமே சொன்னாக. லெட்டர் போடச் சொன்னாக. நாந்தான் போடல."

அவள் திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

"இறக்குங்க" என்றான்.

தெருமுனையில், நடுரோட்டில், பாடையை இறக்கினார்கள். அவள் பையைக் கட்டையிலேயே விட்டுவிட்டு வந்து புழுதியில் உட்கார்ந்தாள். அய்யாவின் கன்னத்தைத் தொட்டாள். தாடைக்கட்டு ஒரு பக்கம் நழுவி வாய் லேசாகத் திறந்திருந்தது. முடிச்சை அவிழ்த்து, துணியை நீவிவிட்டு, மறுபடி கட்டத் தொடங்கினாள். அவசரப்படவில்லை.

மணி ஐந்தே முக்கால். லாரி டிரைவர் ஹார்னில் கை வைத்தான். கண்ணபிரான் அந்தக் கையைப் பிடித்து எடுத்துவிட்டார். பிறகு குனிந்து, அவரே சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தார்.