மடங்கும் ஹெங்கர்

சுனாமியில் துணிக்கடையை இழந்த லாபிர், கிழக்கிலங்கையின் கல்முனைக்குடியில் வீட்டிலேயே பெண்களுக்கான அபாயா அங்கி தைத்து விற்றுவந்தார். யுத்தம் முடிந்த வருடம் கொழும்புக் கடையொன்று அவரிடம் உடைகளை, அவற்றை மாட்டித் தொங்கவிடும் ஹெங்கரோடு கேட்டது. ஆனால் ஹெங்கர் மடங்க வேண்டும், பெட்டியில் இடத்தை அடைக்கக் கூடாது.

பதினேழு ஹெங்கர்களை நடுவில் அறுத்து, கதவுக்குப் போடுவதுபோல் சின்னப் பிணைச்சல் பூட்டினார். அபாயாவை மாட்டியதும் எல்லாமே கைகளைத் தொங்கப்போட்டன. பதினெட்டாவதில் அடியில் ஒரு தடுப்பு வைத்தார். அது பாரத்தைத் தாங்கியது, மேல்நோக்கி மட்டும் மடங்கியது.

அதே மாதிரி மூன்று செய்துகொண்டு கொழும்புக்கு பஸ் ஏறினார். வழியில் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் பெட்டியைத் திறந்து, ஒன்றைக் கீழ்நோக்கி அழுத்தினான். உடைந்தது. பழுதென்று நினைத்து அடுத்ததையும் அழுத்தினான். ‘மேலே’ என்பதற்கான சிங்களச் சொல் லாபிரின் வாயில் வரவேயில்லை. மூன்றாவதும் போனது.

“சண்டதான் முடிஞ்சிட்டே, இன்னும் என்னத்தத் தேடுறானுகள்?” என்று வீட்டுக்குத் திரும்பி வந்து கத்தினார்.

மனைவி ஜெஸீமா உடைந்த துண்டுகளைப் பார்த்தாள். “கடைக்கு வாற பொம்புளையளும் கீழதான் மடிப்பாங்க. அவங்களோடயும் சண்ட புடிக்கப் போறீங்களா?”

அவள் சொன்னது சரி என்பதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. தடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, பிணைச்சலின் மேல் இறங்கிப் பூட்டும் வளையம் ஒன்று போட்டார். அதை உயர்த்தினால் ஹெங்கர் மேலேயும் கீழேயும் மடங்கியது. இறக்கினால் அசையாமல் நின்றது. ஜெஸீமா எப்படி அழுத்தியும் உடையவில்லை.

அடுத்த பயணத்தில் உடையாமல் போய்ச் சேர்ந்த ஹெங்கரைக் கொழும்புக் கடைக்காரர் நாலைந்து முறை மடித்துப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. நூறு தாங்க. ஹெங்கர் கறுப்பு வாணாம், வெள்ளையில செய்ங்க.”

லாபிர் வாங்கி அடுக்கியிருந்த ஹெங்கர்கள் அத்தனையும் கறுப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு “ஓம்” என்றார்.