மாரப்பன் மகன் எப்படிப்பட்டவன்

எங்கள் பக்கத்தில் பெண் கொடுப்பதற்கு முன், பெண்ணின் தாய்மாமன் சொல்லாமல் கொள்ளாமல் மாப்பிள்ளையின் ஊருக்கு வந்து, தான் யாரென்று காட்டிக்கொள்ளாமல் நாலு பேரிடம் விசாரிப்பார். அந்த வாரம் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருக்கும்படி அப்பா உத்தரவு போட்டிருந்தார்.

"ஊரு பேசிக்கும். நீ கம்முனு கெட, காளிச்சாமி. நீ வாயத் தொறந்தா காரியம் கெட்டுரும்."

எனக்கும் காரியம் கெடக்கூடாது. பெண் அகளி ஊர் நாச்சம்மாள். ஒரு கல்யாணத்தில் அவளைப் பார்த்திருக்கிறேன். போட்டோ எடுக்கக் கூப்பிட வந்தவரை, பாயசம் குடித்து முடிக்கும்வரை இலைக்கு எதிரிலேயே நிற்க வைத்தவள். அன்றிலிருந்து எனக்கு வேறு பெண் இல்லை.

இருந்தாலும் ஊர் என்னைப் பற்றி என்ன சொல்கிறது என்று காதால் கேட்க ஆசையாக இருந்தது. கொழிஞ்சாம்பாறை வாசகசாலையில் இருந்த மொழிபெயர்ப்பு நாவல்களை எல்லாம் முடித்திருந்தேன். அவற்றில் வரும் தனிமையான, வெளிறிய, யாராலும் புரிந்துகொள்ளப்படாத இளைஞர்களில் நானும் ஒருவன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கணவாய்க் காற்று அடிக்கும்போது அதைப் பனிப்புயலாக எண்ணி, மப்ளரைச் சுற்றிக்கொண்டு வரப்பில் நடப்பேன். ஊர் இதைக் கவனிக்காமலா இருக்கும்?

டீக்கடையில் போய் ஒரு நாவலோடு உட்கார்ந்தேன். கடைக்கார நஞ்சப்பன் பால் வாங்கப் போயிருந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெரிய மீசை நேராக என்னிடமே வந்தது.

"ஏனுங்க தம்பி, இந்த ஊர்ல மாரப்பன் மவன் காளிச்சாமின்னு ஒருத்தரு. ஆளு எப்படிங்க?"

'நான்தானுங்க' என்று சொல்லி எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஆனால் என்னைப் பற்றி என்னிடமே ஒருவர் கேட்பது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வாயில் நாவல் தமிழ் ஊறியது.

"அவன் சாதாரண மனிதன் இல்லீங்க. இரவுகளில் அவனுக்கு உறக்கம் வருவதில்லை."

"அட. டாக்டர்கிட்டக் காட்டுனாங்களா?"

"மருந்தில் தீராதுங்க. ஆன்மாவின் வேதனை."

"பரம்பரையா வருதுங்களா?"

"இல்லீங்க, அவனுக்கு மட்டுந்தான். நிலம், பணம் எதிலும் பற்றில்லை. சில நேரம் காரணமில்லாமல் கண்ணீர் வரும். இந்த ஊர் அவனைப் புரிந்துகொள்ளவில்லை."

சொல்லி முடித்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. மீசைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வெளியே போனார். அப்புறந்தான் நாச்சம்மாள் நினைவு வந்தது. கடையின் ஓலைத் தட்டிக்குப் பின்னால் எருமை கழுவிக்கொண்டிருந்த மருதாத்தாளிடம் அவர் அதே கேள்வியைக் கேட்பது காதில் விழுந்தது.

"காளிச்சாமிங்களா? தங்கமான பையனுங்க. வம்புதும்புக்கே போகாது. இந்த எருமை முட்ட வந்தாக்கூட மரத்து மேல ஏறிக்குமே தவிர, ஒரு தட்டுத் தட்டாது. சோத்தப் போட்டா ரெண்டாந்தரம் கேக்கும். பொஸ்தகத்த மூஞ்சி மேல கவுத்துட்டுப் படுத்துதுன்னா இடி விழுந்தாலும் எந்திரிக்காதுங்க."

சம்பந்தம் பிழைத்துவிட்டது என்று மகிழ வேண்டிய நேரம். நானோ அவமானத்தில் குன்றிப் போனேன். எருமைக்குப் பயந்தவன்! இரண்டாம் தரம் சோறு கேட்பவன்!

மறுவாரம் அப்பா சிரித்துக்கொண்டே வந்தார். "பையன் தங்கம்னு சொல்லிட்டாங்களாமா. வெள்ளிக்கிழமை அகளிக்குப் போறோம். ஆனா டீக்கடையில எவனோ பொறாமை புடிச்ச பய உக்காந்துட்டு, மாப்பிள்ளைக்குப் பைத்தியம்னு சொல்லிருக்கறான். யாருன்னு தெரியட்டும், தோல உரிச்சுப்போடறேன்."

வெள்ளிக்கிழமை காய்ச்சல் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

அகளியில் வாசலிலேயே அந்த மீசை நின்றது. நாச்சம்மாளின் தாய்மாமன் குப்பண்ணன். என்னைப் பார்த்ததும் கூப்பிய கை அப்படியே நின்றுவிட்டது. எல்லோரும் உட்கார்ந்த பிறகு மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, அன்னிக்கு டீக்கடையில இருந்தது நீங்கதானுங்களே?"

அப்பாவின் தலை என் பக்கம் திரும்பியது. கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது.

"நீங்க ஒண்ணு சொன்னீங்க, அந்தம்மா ஒண்ணு சொன்னாங்க. எதுங்க நெசம்?"

நான் படித்த நாயகர்கள் இந்த இடத்தில் எழுந்து, உண்மைக்காக எல்லாவற்றையும் இழந்து, பனியில் நடந்து போயிருப்பார்கள். நான் நாச்சம்மாளின் நிழலைப் பார்த்தேன்.

"அந்தம்மா சொன்னதுங்க."

"அப்ப டீக்கடையில இருந்த ஆளு?"

"அவங்கூட எனக்கு அவ்வளவாப் பழக்கமில்லீங்க."

அப்பா என் தொடையைக் கிள்ளினார். குப்பண்ணன் சிரிப்பதா வேண்டாமா என்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். அதற்குள் நாச்சம்மாள் காபி கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"அவரையும் கூட்டியாந்திருக்கலாமுங்க" என்றாள், டம்ளரைப் பார்த்துக்கொண்டே.

குப்பண்ணன் வெற்றிலைத் தட்டை அப்பாவின் பக்கம் நகர்த்தினார்.