கலியாணம் கட்டாத கர்ப்பப்பை

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்து, கோழிக்கறியையும் சோற்றையும் மேசையில் எடுத்து வைத்த கையோடு, செலீன் ஞாயிறு சாப்பாட்டுக்கு வந்திருந்த மகளின் கைப்பைக்குள் பனடோல் தேடினாள். அகப்பட்டது பனடோல் அல்ல, பெண்கள் கிளினிக்கில் நாள் குறித்துக் கொடுத்த துண்டு. திகதி, செவ்வாய்க்கிழமை.

"கலியாணம் கட்டாத பொம்பிளைக்கு அங்க என்ன வேலை?"

மெல்லத்தான் கேட்டாள். கொட்டாஞ்சேனையில் பக்கத்து வீட்டுக்கும் இவர்களுக்கும் ஒரே சுவர், ஆத்திரப்பட்டாலும் அளந்துதான் படவேண்டும்.

ரொஷேலுக்கு முப்பத்தெட்டு வயது. கப்பல் கம்பனியில் பத்துப் பேரை மேய்க்கிறாள். அப்பாவின் சாவீட்டை முன்னின்று நடத்தியவள் அவள், தம்பி றொஹானைக் கனடாவுக்கு ஏற்றிவிட்டவளும் அவள்தான். என்ன செய்து என்ன, விரலில் மோதிரம் ஏறாதபடியால் அவள் இன்னும் 'பிள்ளை'. பிள்ளைக்குக் காய்ச்சல் வரலாம், தலையிடி வரலாம். கர்ப்பப்பை மட்டும் இருக்கக்கூடாது. அது கலியாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் தட்டில் வைத்துக் கொண்டுவருகிற சாமான் அல்லவா!

"ரெண்டு மாசமா இடையில இடையில ரத்தம் படுது, மம்மி" என்றாள் ரொஷேல்.

"ஆம்பிளை வாடையே படாத உடம்புக்கு என்ன வருத்தம் வரப்போகுது?"

வேடிக்கை என்னவென்றால், ரொஷேலும் இத்தனை வருஷமாக இதையேதான் நம்பியிருந்தாள். வெள்ளவத்தை ஃபிளட்டில் பதினொரு வருஷமாகச் சுதர்சினியோடு குடும்பம் நடத்துகிறவள் அவள். ஊர் அவர்களை 'ரூம்மேட்' என்று சொல்லி நிம்மதியாக இருந்தது. ஆண் நுழையாத வீட்டுக்குள் கர்ப்பப்பைப் புற்றுநோய் மட்டும் எந்த வழியால் வரும் என்று இவர்களும் தெம்பாக இருந்துவிட்டார்கள். ஃபார்மசியில் வேலை செய்கிற சுதர்சினி, ரத்தம் நிற்கவில்லை என்று கேள்விப்பட்ட பிறகுதான் பயந்துபோய்க் கிளினிக்கில் நாள் எடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் இருந்த மிட்வைஃப் கனகேஸ்வரி நல்ல மனுசி. உட்காரச் சொல்லி, வெயிலுக்குத் தண்ணீரும் கொடுத்துவிட்டுத்தான் படிவத்தை எடுத்தாள். கணவர் பெயர்? இல்லை. இறந்துவிட்டாரா? இல்லை. விட்டுவிட்டுப் போய்விட்டாரா? அதுவும் இல்லை. செத்த புருஷனுக்கும் ஓடின புருஷனுக்கும் அந்தப் படிவத்தில் இடம் இருந்தது. பிறக்கவே பிறக்காத புருஷனுக்குத்தான் இல்லை. கனகேஸ்வரி பேனாவை மூடினாள்.

"இந்தக் கர்ப்பப்பை டெஸ்ட் குடும்பப் பொம்பிளையளுக்குப் பிள்ளை. உங்களுக்குத் தேவைப்படாது. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டில ஒரு கதை வந்தா ஆர் பொறுப்பு?"

நோய் வந்தால் ஆர் பொறுப்பு என்பதற்கும் அந்தப் படிவத்தில் இடம் இல்லை. ரொஷேல் எழுந்தாள். வரிசையில் இருந்த பெண்களெல்லாம் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். திரும்பி வருகிற பஸ்ஸில், தனக்குச் சாகப் பயமாயிருக்கிறது என்று கூட வந்த சுதர்சினியின் காதுக்குள் சொல்லி அழுதாள்.

அடுத்த ஞாயிறு கொட்டாஞ்சேனை வீட்டுக் கதிரையில் கறை பட்டது. செலீன் அதைப் பார்த்தாள், துடைத்தாள். ஆயிரம் இருந்தாலும் பெற்ற வயிறு. அறைக்குள் போய் ஒரு செபமாலை சொல்லி முடித்துவிட்டு, தன் கலியாண மோதிரத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழற்றிக்கொண்டு வந்தாள்.

"இதைப் போட்டுக்கொண்டு வேற இடத்துக்குப் போ. புருஷன் கட்டாரில எண்டு சொல்லு. பேர் ரொனி."

பதினைந்து வருஷமாக எந்தத் தரகனாலும் பிடிக்க முடியாத மாப்பிள்ளையைச் செலீன் ஒரு நிமிஷத்தில் பிடித்துவிட்டாள். சீதனமும் கேட்காத மாப்பிள்ளை.

ரொனியின் மகிமையைத் தனியார் ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டும்! அவர் பெயரைச் சொன்னதும் கதவுகள் திறந்தன. 'மிஸ்' என்று அழைத்துக்கொண்டிருந்த நேர்ஸ் 'மிஸிஸ்' என்றாள். கூட வந்தவர் யார் என்றதற்கு, "மச்சாள், ரொனியின் தங்கச்சி" என்று சுதர்சினியே சொல்லிக்கொண்டாள். மலையகத்து ஹற்றன்காரியான அவளுக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு அண்ணன் கிடைத்தது அப்படித்தான். டெஸ்ட் எடுக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இந்த ஐந்து நிமிஷத்துக்கா ஒரு புருஷனை உண்டாக்க வேண்டியிருந்தது என்று ரொஷேலுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. டொக்டர் லுத்பியா அதை இரண்டு தரம் வாசித்தார். கர்ப்பப்பை வாசலில் உயிர்க்கலங்கள் மாறத் தொடங்கியிருக்கின்றன, இன்னும் புற்றுநோய் ஆகவில்லை, சின்னச் சிகிச்சையோடு சரிப்படுத்தலாம், ஆனால் இனி ஒழுங்காக வந்து காட்டவேண்டும் என்று விளங்கப்படுத்தினார்.

"ரெண்டு மூண்டு வருஷம் விட்டிருந்தா வேற கதை. ஹஸ்பண்ட் லீவில வந்தா கூட்டிக்கொண்டு வாங்க, அவரோடயும் கதைக்கவேணும்."

ரொஷேல் மோதிரத்தைப் பார்த்தாள். அது அவளுக்குக் கொஞ்சம் பெரிது, இழுக்க உடனே வந்துவிட்டது.

"ரொனி எண்டு ஒருத்தரும் இல்லை, டொக்டர். என்ர ஆள் வெளியில இருக்கிறா. கூப்பிடவா?"

டொக்டர் லுத்பியா மற்றக் கதிரையில் கிடந்த ஃபைல்களைத் தூக்கிக் கீழே வைத்தார். சுதர்சினி வந்து உட்கார்ந்தாள். கலங்களை இப்படி மாற்றுகிற கிருமி ஆணா பெண்ணா என்று பார்த்து வருவதில்லை, தோலோடு தோல் பட்டால் போதும் என்று இருவருக்கும் பொதுவாகச் சொன்ன டொக்டர், சுதர்சினியிடம் திரும்பினார்.

"நீங்க கடைசியா எப்ப டெஸ்ட் எடுத்தீங்க?"

ஃபார்மசியில் ஊருக்கெல்லாம் மருந்தெடுத்துக் கொடுக்கிற சுதர்சினி, நாற்பத்தொரு வயசுக்காரி, பள்ளிப்பிள்ளைபோலச் சிரித்தாள்.

"நான் எடுத்ததே இல்லைங்க டொக்டர். எனக்கு எதுக்குங்க? எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே."

ரொஷேல் எழுந்து, அவளுடைய மடியில் இருந்த பையைப் பிடுங்கிக்கொண்டு, மூலையில் இருந்த பரிசோதனைக் கட்டிலைக் காட்டினாள்.

"போய்க் கட்டிலில ஏறு" என்றாள்.