உடன் வருபவர் ஒருவர் மட்டும்

மனச்சோர்வு உள்ளவர்களின் தலையை ஸ்கேன் எடுத்தால் உள்ளே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் பையோடு வந்திருப்பார்.

அவர் எப்போது வந்தார், எதனால் போகிறார் என்று கண்டுபிடிக்கும் ஆய்வில் எனக்கு வேலை. ஆய்வுக்கென்று யாரையும் புதிதாகப் படம் எடுப்பதில்லை. சைனஸுக்கு எடுத்தது, பைக்கிலிருந்து விழுந்ததற்கு எடுத்தது என்று எங்கள் ஆஸ்பத்திரியில் பழைய படங்கள் ஏராளம். ஆள் உண்டா, எங்கே உட்கார்ந்திருக்கிறார், செருப்பைக் கழற்றிவிட்டாரா என்று பார்த்துக் குறிப்பேன். கழற்றியவர்கள் அதிக நாள் தங்குவார்கள். பிறகு அந்த நோயாளியின் மருத்துவக் குறிப்புகளோடு ஒப்பிடுவேன். தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்த இடங்களிலெல்லாம் உள்ளே இருந்தவர் நன்றாகத் தூங்கியிருந்தார். நோயாளி விழித்திருந்தார்.

ஸ்கேன் எடுக்கும் சேவியர் அண்ணன் மைக்கில், "ரெண்டு பேரும் அசையாதீங்க" என்பார். அப்படியும் சில படங்கள் கலங்கித்தான் வரும்.

எனக்கு இந்த வேலை பிடித்திருந்தது. படங்கள் பேசாது. நானும் பேச வேண்டியதில்லை.

ஒருநாள் குவியலில் என் படம் வந்தது. கல்லூரிக் காலத்தில் பஸ் படியிலிருந்து விழுந்தபோது எடுத்தது. முழுக்கைச் சட்டை போட்ட ஒருவர் பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். செருப்பு ஓரமாக, ஜோடி சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. தினமும் காலையில் பிரஷில் பேஸ்ட்டை வைத்துவிட்டு, ஹாஸ்டல் கதவை யாராவது தட்டும்வரை அதையே பார்த்துக்கொண்டு ஏன் நிற்கிறேன் என்பது விளங்கியது.

ஆய்வை நடத்தும் டாக்டர் மணிமொழியிடம் காட்டினேன்.

"பார்த்தா மரியாதையான ஆளாத்தான் தெரியறார்" என்றார் அவர். "ஆனா தலையில ஆள் இருக்கிறவங்க இங்க வேலை பார்க்கக் கூடாதும்மா. எண்ணப்படறவங்களே எண்ணினா கணக்கு கெட்டுடும். வெள்ளிக்கிழமை இன்னொரு படம் எடுப்போம். இன்னும் இருந்தார்னா நீ கிளம்பிடணும்."

எனக்கு வேறு வேலை தேடத் தெரியாது. தேடினால் பேச வேண்டும்.

ஆள் போய்விட்டவர்களின் குறிப்புகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தேன். மாத்திரைகள் ஒன்றுபோல இல்லை. 'உடன் வந்தவர்' என்ற இடத்தில் மட்டும் எல்லோருக்கும் ஒரு பெயர் இருந்தது. ஆள் போகாதவர்களுக்கு அங்கே வெறும் கோடு. காரணம் எளிது. ஸ்கேன் அறை வாசலில் செக்யூரிட்டி பாண்டியம்மாக்கா இருக்கிறார். நோயாளியுடன் ஒருவர் மட்டும் என்ற விதியில் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. டீனின் மாமியாரையே வெளியே நிறுத்தியவர்.

எனக்கும் ஒருவர் வேண்டும். வீடு தூரம். பக்கத்தில் இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். ஹாஸ்டலில் என் அறையில் இருப்பவள் ஜெஸிந்தா. இரண்டு வருடமாக எங்கள் பேச்சு வாளியைத் தாண்டியதில்லை.

வியாழக்கிழமை மாலை, "வாளி காலியா?" என்று ஆரம்பித்தேன்.

"காலிதான்."

"நாளைக்கு என்கூட ஸ்கேனுக்கு வர முடியுமா?"

ஜெஸிந்தா சீப்பை நிறுத்தினாள். "வாளியைத் தவிர நீ எதுவும் கேட்டதில்ல. கேட்டா நேரா ஸ்கேனா? அங்க கேன்டீன்ல பொங்கல் கிடைக்குமா?"

"வடையும் கிடைக்கும்."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல."

மறுநாள் பாண்டியம்மாக்கா வாசலில் நிறுத்தினார். "கூட யாரு?"

"நான்தான்" என்றாள் ஜெஸிந்தா.

அக்கா என் நெற்றியைப் பார்த்தார். "அப்ப உள்ள இருக்கிறவர் வெளிய வாங்க."

"நான் இந்தப் பொண்ணுக்கு முன்னாடியே வந்துட்டேம்மா" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"எல்லாரும் இதைத்தான் சார் சொல்றாங்க. செருப்பை மறந்துடாதீங்க."

அவர் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "ரொம்பத் தொந்தரவு கொடுத்துட்டேனா?" என்று என்னைக் கேட்டார்.

"அதெல்லாம் இல்லை" என்றேன்.

சேவியர் அண்ணன் மைக்கில், "ஒருத்தர்தானே? அசையாதீங்க" என்றார். படம் சுத்தமாக வந்தது. ஜெஸிந்தா மூன்று வடை சாப்பிட்டாள்.

வெளியே வந்தவர் பெஞ்சில் பையோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே இருந்து பார்த்த அனுபவம் நம்மில் யாருக்கும் இல்லை என்று டாக்டர் அவரை ஆய்வில் சேர்த்துக்கொண்டார். பெயர் தணிகாசலம். என் பக்கத்து மேஜை. படத்தில் இருப்பவர் கிளம்பும் எண்ணத்தில் இருக்கிறாரா என்பதை உட்காரும் விதத்திலேயே சொல்லிவிடுவார். அதிகம் பேச மாட்டார். எனக்கு வசதியாக இருந்தது.

போன வாரம் அவருக்குத் தலைவலி. சேவியர் அண்ணன் படம் எடுத்துப் பார்த்தார். உள்ளே நான் உட்கார்ந்திருந்தேன், கல்லூரிப் பையை மடியில் வைத்துக்கொண்டு. செருப்பைக் கழற்றியிருந்தேன். இன்னொரு படம் எடுக்கச் சொன்னார் டாக்டர்.

"கூட யாரு?" என்று பாண்டியம்மாக்கா வாசலில் கேட்டார். தணிகாசலம் சார் தரையைப் பார்த்தார். யாரிடமும் கேட்டிருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

"நான்தான்" என்றேன். சத்தமாகவே வந்தது.

அக்கா அவர் நெற்றியைப் பார்த்தார். "அப்ப உள்ள இருக்கிற பொண்ணு வெளிய வாம்மா."

சாயங்காலம் நானும், கல்லூரிப் பையோடு வெளியே வந்த நானும் ஹாஸ்டலுக்குப் போனோம். ஜெஸிந்தா எங்களைப் பார்த்துவிட்டு, இன்னொரு வாளி வாங்கக் கடைக்குக் கிளம்பினாள்.