தவிட்டுக்கு வாங்கின வீரன்

என் வீட்டுக்காரர் தில்லைநாயகம் படம் போடுகிறவர். சங்கரன்கோவிலில் அந்தத் தொழிலுக்குச் சோறு கிடைக்குமா என்று கேட்காத ஆள் கிடையாது. கிடைத்தது. சிவராமலிங்கம் அண்ணாச்சியின் அச்சாபீஸிலிருந்து மாதம் இரண்டு தடவை வரும் படக்கதைப் புத்தகத்துக்குப் படம் வரைகிற கை அவருடையதுதான். கதாநாயகன் பெயர் காற்றுவேலன். மலையிலிருந்து குதித்தால் காற்று அவனைத் தாங்கும். ஓடுகிற ரயிலை ஒற்றைக் கையால் நிறுத்துவான். சண்டை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போய், தறிக்குழிப் பக்கத்தில் உட்கார்ந்து அம்மா கையால் கஞ்சி வாங்கிக் குடிப்பான். அம்மா பெயர் பொன்னாத்தா, நெசவுக்காரி. அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்தது கஞ்சி குடிக்கிற படம் ஒன்றுதான். எங்கள் காசிக்கும் அதுதான் பிடிக்கும்.

காசிக்கு அப்போது எட்டு வயது. அவனை நான் பெறவில்லை. பெற்றவள் என் வீட்டுக்காரரின் அக்கா வள்ளித்தாய், புளியங்குடியில் வாழ்க்கைப்பட்டவள். அவளுக்கு ஏற்கெனவே நாலு பிள்ளைகள், எனக்கு ஒன்றும் தங்கவில்லை. ஐந்தாவது பிறந்து தீட்டுக் கழிந்ததும் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். சும்மா கொடுத்தால் பிள்ளை நிலைக்காது என்று எங்கள் குடும்பத்தில் ஒரு முறை உண்டு. வாங்குகிறவள் ஒரு படி தவிடு அளந்து கொடுக்க வேண்டும். நானும் அளந்து கொடுத்தேன். அன்றைக்கு நான் அம்மாவானேன், அவள் அத்தையானாள். காசிக்கு இதில் எதுவும் தெரியாது.

பிள்ளைகளைச் சீண்டுகிறவர்களுக்கு நம் ஊரில் வேறு பேச்சே கிடையாது. "ஒன்னயத் தவிட்டுக்குல்லா வாங்குனாவ" என்று எந்தப் பிள்ளையைக் கண்டாலும் சொல்லிச் சிரிப்பார்கள். பிள்ளைகள் சிணுங்கிவிட்டு ஓடிவிடும். காசியிடம் யாராவது அப்படிச் சொன்னால் எனக்கு அது விளையாட்டாகத் தெரியாது. பால்காரியோ பலசரக்குக் கடைக்காரரோ, சொன்னவர்களிடம் அன்றைக்கே ஏதாவது சாக்கு வைத்துச் சண்டை பிடித்துவிடுவேன். தெருவில் எனக்கு வாய்க்காரி என்று பெயர் வந்தது அப்படித்தான்.

அந்த வருஷம் புத்தக விற்பனை படுத்துவிட்டது. அண்ணாச்சி என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாராம்:

"வே, நெசவுக்காரி மவன் பறக்கான்னா எவன்வே நம்புவான்? மெட்ராஸ் புத்தகத்துல எல்லாம் ராசா மவன்தான் பறக்கான். நாமளும் வேலன ராசா மவனாக்கிருவோம். மறுபடி ஒண்ணாம் நம்பர்ல இருந்து ஆரம்பிப்போம். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்துல வித்துத் தள்ளிரலாம்."

"அப்பம் பொன்னாத்தா?"

"வளத்த அம்மைன்னு போடும். ராசா மவன் தறிவீட்டுக்கு எப்படிப் போனான்னு ஒரு காரணம் மட்டும் வேணும்."

காரணத்தை என் வீட்டுக்காரர்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறார். ராஜாவுக்குப் பிள்ளைகள் நிலைக்கவில்லை. அதனால் ஜோசியர் சொன்னபடி ராணி குழந்தையை ஒரு படி தவிட்டுக்குப் பொன்னாத்தாவிடம் விற்றுவிட்டாள். கேட்ட அண்ணாச்சி தொடையைத் தட்டிச் சிரித்தாராம். படத்தையெல்லாம் வரைந்து முடித்து, அச்சுக்குப் பிளாக் செய்ய மதுரைக்கு அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சந்தோஷமாக வேறு சொன்னார்.

என் கையில் அகப்பை இருந்தது. கீழே வைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன், இல்லாவிட்டால் அவர் மேல் எறிந்திருப்பேன்.

"ஒங்களுக்கு வேற கதையே கிடைக்கலயா? ஆத்தோட போனான்னு வைக்கக் கூடாதா? கழுகு தூக்கிட்டுப் போச்சுன்னு வைக்கக் கூடாதா?"

"அந்நேரம் அதுதான் வாயில வந்துச்சு, சுந்தரி."

"நம்ம புள்ள எழுத்துக் கூட்டிப் படிக்கான்லா. அது ஒங்க வாயில வரலயா?"

மனுஷர் முகம் அப்போதுதான் வெளுத்தது. பாவம், கெட்ட எண்ணம் கிடையாது. யோசனையும் கிடையாது.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. காசி படித்துவிட்டு என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால் என்ன சொல்வது? சீண்டுகிறவர்களைத் திட்டி விரட்டிவிடலாம். அப்பா போட்ட படத்தை அவன் பொய் என்று நினைப்பானா?

தபசு அன்று புத்தகம் வந்தது. வீட்டுக்குக் கொடுத்த பிரதியை அடுப்பில் போட்டேன். ரத வீதி முழுக்கக் கடை போட்டு விற்கிறதை எந்த அடுப்பில் போடுவது? காசியை வாசல் தாண்ட விடாமல், காய்ச்சல் அடிக்கிறது என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்தேன். மத்தியானம் வள்ளித்தாய் மதினி வந்தாள். வருஷா வருஷம் தபசுக்கு வருவாள். இந்தத் தடவை அவள் கையில் அந்தப் புத்தகம். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

"தம்பி போட்ட படம்லா! காசிக்குன்னு வாங்குனேன். ஏலே மக்கா, அத்தைக்குப் படிச்சுச் சொல்லு பாப்போம்."

பிடுங்கவா முடியும்? பிடுங்கினால் நானே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

காசி அவள் மடியில் சாய்ந்து எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தான். ராணி வந்தாள், ஜோசியர் வந்தார், தவிடு வந்தது. அவன் தலையைக் கோதிக்கொண்டிருந்த மதினியின் கை நின்றுவிட்டது.

"இது தப்பு அத்தை!" என்று காசி கத்தினான். "பொன்னாத்தாதான் பெத்தா. முன்ன வந்த புத்தகத்துல அப்படித்தான இருந்துச்சு? அப்பா மாத்திப் போட்டிருக்காவ."

"மேல படி மக்கா."

கடைசிப் படத்தில் வேலன் வளர்ந்து, உள்ளே கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறான். ராணி அழுதுகொண்டே வாசலில் நிற்கிறாள்.

"இவ எதுக்கு அத்தை இப்ப வந்திருக்கா? அவனக் கூட்டிட்டுப் போயிருவாளோ?"

ஆமாம் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் சொல்லலாம். யாரும் அவளைத் தப்புச் சொல்ல முடியாது. இத்தனை வருஷமும் நான் பயந்தது அதற்குத்தான்.

"குடுத்தத யாராவது திருப்பிக் கேப்பாவளா?" என்றாள் மதினி. "புள்ள நல்லா இருக்கானான்னு பாக்க வந்திருப்பா. பாத்தாச்சுல்லா, போயிருவா."

"அழுதாள்னு போட்டிருக்கே?"

"வெயில்ல நடந்து வந்திருப்பா மக்கா. கண்ணு கரிச்சிருக்கும்."

"ராணி எங்கயாவது நடந்து வருவாளா!" என்று காசி விழுந்து விழுந்து சிரித்தான். மதினியும் சிரித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"சுந்தரி, தபசு பாத்துட்டு நான் அப்படியே பஸ் ஏறிருதேன்."

எப்போதும் அவள் இதைச் சொல்லி முடிப்பதற்குள் "சரி மதினி" என்று பையை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவேன். அவள் எங்கள் வீட்டில் ஒரு நாள்கூடத் தங்கியதில்லை. தங்கும்படி நான் சொன்னதில்லை என்பதுதான் நிஜம்.

கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன்.

"இன்னைக்கு இங்கன இருங்க மதினி. காலையில போலாம்."

அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். "எதுக்கு சுந்தரி? ஒனக்குச் சங்கடமா இருக்கும்."

"இருந்தா இருந்துட்டுப் போகுது" என்றேன்.

காசி பையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினான். நான் அடுப்படிக்குப் போய் இன்னும் ஓர் ஆழாக்கு அரிசி கூட எடுத்துக் களைந்தேன். அவசரத்தில் பாதி கீழே சிந்திவிட்டது. மதினி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினாள்.