திருகில் கட்டிய சிவப்புத் துணி

ஷிப்ட் முடிந்து ரயில் இன்ஜின் ஷெட்டின் குழாயடியில் நின்ற ஃபிட்டர், சோப்புத் துண்டைத் தேடிச் சட்டைப் பைக்குள் கைவிட்டான். சோப்போடு சேர்ந்து ஒரு சிவப்புத் துணியும் வந்தது. கரி படிந்த பழைய துணி. அதைப் பார்த்ததும், செய்த வேலையை மனதுக்குள் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தான்.

நண்பகலில் பயணிகள் வண்டி இன்ஜினுக்கு அவன் நீர்மட்டக் கண்ணாடி மாற்றியிருந்தான். பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று டிரைவருக்குக் காட்டும் கண்ணாடிக் குழாய் அது. அந்தப் பழைய இன்ஜினில் அது ஒன்றுதான் இருந்தது. அதற்கு மேலே நீராவித் திருகு, கீழே தண்ணீர்த் திருகு. இரண்டையும் மூடிவிட்டுத்தான் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். மூடியதும் கீழ்த் திருகில் சிவப்புத் துணி கட்டுவது அந்த ஷெட்டின் வழக்கம். திருகைத் திறந்து, தண்ணீர் ஆடுவதைக் கண்ணால் பார்த்த பிறகே துணியை அவிழ்க்க வேண்டும்.

மேல் திருகைத் திறந்தது நினைவிருந்தது. துணியை அவிழ்த்ததும் நினைவிருந்தது. கீழ்த் திருகைத் திறந்தது மட்டும், எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

ஷெட்டில் அவனுக்கு 'மறுபடி' என்று பட்டப்பெயர். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை ஆட்டிப் பார்க்கும் ஆள். இறுக்கிய நட்டை மறுபடி இறுக்குவான். இன்று அவன் இன்ஜின் மேல் நின்றிருந்தபோது, அக்கா வீட்டுக்காரர் கீழே இருந்து குரல் கொடுத்தார். அந்த இன்ஜினுக்கு டிரைவரே அவர்தான்.

"மாப்ளே, பூட்டை ஆட்டிப் பாக்கிற மாதிரி என் இன்ஜினையும் ஆட்டிக்கிட்டு நிக்காதே. கரி ஏத்தணும், இறங்கு. உன்னைக் கட்டிக்கப் போறவ பாவம், தாலியை முடிச்சுப் போட்டுட்டு மறுபடி அவுத்துப் பாப்பே!"

கரி கொட்டுகிறவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. துணியை உருவிப் பைக்குள் திணித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிட்டான். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அப்படி இறங்கியது அதுதான் முதல் தடவை.

'திறந்திருப்பேன். கை பழகின வேலைதானே' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையில் சோப்பைத் தேய்த்தான். ஆனால் திறக்காமல் விட்டிருந்தால்? மேலிருந்து வரும் நீராவி குளிர்ந்து தண்ணீராகிக் கண்ணாடியை நிரப்பிவிடும். பாய்லர் காய்ந்துகொண்டே போனாலும் கண்ணாடி நிறைந்தே காட்டும். நெருப்புப் பெட்டியின் கூரைத் தகட்டுக்கு மேல் தண்ணீர் இல்லையென்றால் தகடு நெருப்பாய்ப் பழுத்துவிடும். பழுத்த தகடு நீராவியின் அழுத்தத்தைத் தாங்காது. வெடித்தால் இன்ஜினில் நிற்பவர்களை அள்ளிக்கூட எடுக்க முடியாது.

ஓடிப்போய்ப் பார்த்து, அது திறந்திருந்தால் ஆயுசுக்கும் கேலிதான். அக்கா வீட்டில் கால் வைக்க முடியாது.

ஷெட் வாசலில் விசில் கேட்டது. அவன் துணியைப் பற்றிக்கொண்டு சோப்புக் கையோடு ஓடினான்.

சாம்பல் குழியைச் சுற்றிப் போக நேரமில்லை. தாண்டினான். செருப்பு ஒன்று புகைகிற சாம்பலில் விழுந்தது. அதற்குள், புறப்படலாம் என்று சிக்னல் கை கீழே இறங்கியிருந்தது. இன்ஜின் ஒரு பெருமூச்சு விட்டு நகர ஆரம்பித்தது. கத்திப் பார்த்தான். நீராவிச் சத்தத்தில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. கையில் இருந்த சிவப்புத் துணியைத் தலைக்கு மேல் வீசிக்கொண்டே தண்டவாளத்துக்குள் இறங்கினான்.

சிவப்பைக் கண்டால் டிரைவர் கை யோசிக்காது. பிரேக் கிறீச்சிட்டது.

"பைத்தியமாடா உனக்கு? சிக்னல் விழுந்தாச்சு!" மாமா தலையை நீட்டிக் கத்தினார்.

"மாமா, கீழ்த் திருகு... திறந்தேனான்னு தெரியல."

"வந்துட்டாருய்யா மறுபடி!" என்று ஃபயர்மேன் சிரித்தான். "தண்ணி முக்கால் கண்ணாடிக்கு மேல நிக்குது. கண்ணு தெரியலையா?"

"ஆடுதா?"

ஃபயர்மேன் கண்ணாடியைப் பார்த்தான். நகர்ந்து நின்ற இன்ஜினில் தண்ணீர் அலைபாய வேண்டும். இது வரைந்து வைத்த கோடு மாதிரி நின்றது. அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

ஃபிட்டர் மேலே ஏறி, இடுப்பிலிருந்த ஸ்பானரை எடுத்தான். கீழ்த் திருகின் கைப்பிடி ஒடிந்து வெகு காலம் ஆயிற்று. வெறும் மொட்டைதான் மிச்சம். திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஸ்பானரை மாட்டித் திருப்பினான். அது திறந்தது. அதாவது, அதுவரை மூடியிருந்தது.

கண்ணாடியில் நின்ற தண்ணீர் சரசரவென்று இறங்கி, அடியில் காணாமல் போயிற்று.

ஃபயர்மேன் பழக்க தோஷத்தில் மண்வெட்டியில் கரியை அள்ளினான்.

"போடாதே!" இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

பாய்லர் முகத்தில், தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறது என்று திறந்து பார்க்க, மேலிருந்து கீழாக மூன்று சோதனைக் குழாய்கள் இருந்தன. மாமா மேல் குழாயைத் திறந்தார். வெறும் நீராவி. நடுக் குழாயிலும் அதேதான். கடைசிக் குழாயைத் தொடுமுன் அவர் கை தயங்கியது. அதுவும் நீராவி என்றால் நெருப்பைக் கொட்டிவிட்டு ஓட வேண்டியதுதான்.

திறந்தார். சீறியது. சீறிக்கொண்டே இருந்தது. பிறகு துப்பியது. நீராவியோடு வெந்நீர்ச் சாரல் அவர் கால்மேல் தெறித்தது. அவர் காலை இழுக்கவேயில்லை.

"இருக்கு," என்றார் மெதுவாக. "தகட்டு மேல கொஞ்சம் இருக்கு. தண்ணியை ஏத்து."

ஃபயர்மேன் இன்ஜெக்டரைத் திறந்தான். தண்ணீர் பாய்லருக்குள் ஏறும் ஓசை எழுந்தது. மூவரும் கண்ணாடியின் அடியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெகு நேரம் அங்கே ஒன்றும் தெரியவில்லை. பிறகு மெல்லிய கோடு ஒன்று எட்டிப்பார்த்தது. நடுங்கிக்கொண்டே மேலே வந்தது.

தூரத்தில் ஷெட் போர்மேன் கையை ஆட்டித் திட்டிக்கொண்டே வந்துகொண்டிருந்தார்.

"மாமா, தப்பு என்னோடதுதான். நான் சொல்லிடறேன்."

"சோதனைக் குழாயைத் திறந்து பாக்காம வண்டியை எடுத்தது யாரு, எங்க அப்பனா? ரெண்டையும் சொல்லுவோம். உங்க அக்காகிட்ட மட்டும் வாயைத் திறக்காதே. அப்புறம் என்னை வேலைக்கே விட மாட்டா."

போர்மேன் கத்த வேண்டியதைக் கத்திவிட்டு, இரண்டு பேரும் நாளை ஆபீசுக்கு வந்து நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர் அரைக் கண்ணாடியில் ஆடிக்கொண்டிருந்தது. ஃபிட்டர் ஒற்றைச் செருப்போடு இறங்கப் போனான். மாமா விசில் கயிற்றைப் பிடித்தவர், இழுக்காமல் நின்றார்.

"மாப்ளே," என்றார், அவன் முகத்தைப் பார்க்காமல். "மறுபடி ஒரு தரம் பாத்துட்டு இறங்கேன்."