மூடின பக்கம் முன்னால்

டார்ச்சை இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் பிடிக்கச் சொன்னார் பல்செட்டுக்காரர். தையலக்கா தாழ்த்தினாள். புது ரப்பர் செருகிய பிரேக் கட்டையை மகளுடைய சைக்கிளின் முன்சக்கரத்துக்கு மேலே ஃபோர்க்கில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி, திருகாணியைக் கீயால் இறுக்கிவிட்டு அவர் நிமிர்ந்தபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். கட்டையின் திறந்த பக்கம் முன்னால் இருந்தது.

பிரேக் கட்டை சின்னச் சாமான்தான். விரல் நீளத்துக்கு ஒரு தகரக் கூடு, அதற்குள் செருகிய ரப்பர். கூட்டின் ஒரு முனை மூடியிருக்கும், மறு முனை திறந்திருக்கும். ரப்பர் தேய்ந்தால் திறந்த வழியாக உருவிவிட்டு வேறு செருகிக்கொள்ளலாம். ஓடுகிற சக்கரம் ரப்பரை முன்பக்கமாகத்தான் இழுக்கும், ஆகவே மூடின பக்கம் முன்னால் இருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் சமதளத்தில் ஒன்றும் தெரியாது. சரிவில் இறங்கும்போது பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் ரப்பர் வழுக்கிக்கொண்டு வெளியே போய்விடும். இப்போது வருகிற கட்டைகளில் அது நகராமல் இருக்க ஒரு குட்டி ஆணி உண்டு. பல்செட்டுக்காரருக்குப் பழைய வகைதான் பிடிக்கும். ஒழுங்காக மாட்டத் தெரிந்தவனுக்கு ஆணி எதற்கு என்பார்.

இதையெல்லாம் தையலக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, கட்டை மாற்றுகிற ஒவ்வொரு தடவையும். "மூடின பக்கம் முன்னால. என் பேரு மறந்தாலும் இது மறக்கக்கூடாது."

"ஏங்க, மூடின பக்கம் முன்னாலதானே வரணும்?" என்றாள்.

அவர் பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்துக் கட்டைக்கு அந்தப் பக்கம் நீட்டிப் பார்த்தார். "அதான் வந்திருக்கே."

"இல்லீங்க, இது தொறந்த பக்கம்..."

"இத்தனை வருஷம் டார்ச் பிடிச்சா நீயும் டாக்டர் ஆயிட்டியா? இந்தா, வெளிச்சத்தை இந்தப் பக்கம் காட்டு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குப் பரவாயில்லை. தடுமாறியிருந்தால் இன்னும் நல்லது. துளி சந்தேகம் இல்லாமல் சிரித்தாரே, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பல்செட்டுக்காரர் என்பது தெரு வைத்த பெயர். துணி தைக்கிற அவர் மனைவிக்குத் தையலக்கா என்று பெயர் வைத்ததும் அதே தெருதான். ஓய்வு பெறும் வரை அவர் ஒரு பட்டறையில் பொய்ப்பல் செய்துகொண்டிருந்தார். அந்தப் பக்கத்தில் வயதானவர்கள் சிரிக்கிற சிரிப்பில் பாதி அவர் கையால் ஆனது. 'பல்லு போனா சொல்லு போச்சு, சொல்லு வேணும்னா எங்கிட்ட வா' என்று வேடிக்கை பேசுவார். வீட்டுக்கு வந்தால் சைக்கிள். கடையில் வாங்குகிற சைக்கிள் இல்லை. இரும்புக் குழாய் ஃபிரேமை மட்டும் வரவழைத்து, சக்கரத்தைத் தானே கம்பி கோத்து, முன்னும் பின்னும் கேரியர் வைத்து, மூட்டை ஏற்றிக்கொண்டு எத்தனை நூறு மைல் வேண்டுமானாலும் போகலாம் என்கிற மாதிரிச் செய்வார். பின்னறையில் அதற்கு ஒரு மேடை. பட்டறையில் கழித்துப் போட்ட பல் டாக்டர் நாற்காலியின் அடிப்பாகம் அது. காலால் மிதித்தால் சைக்கிள் மெல்ல மேலே ஏறும். "ஆ காட்டு" என்று சொல்லிவிட்டுத்தான் செயினில் கை வைப்பார். பல் குத்தும் கொக்கியால் பல்சக்கரத்து அழுக்கை நோண்டி எடுப்பார்.

இரண்டு சைக்கிள் செய்திருந்தார். பச்சை, மகளுடையது. சாம்பல், அவருடையது. அப்பாவும் மகளும் ஒரு காலத்தில் சேர்ந்து போவார்கள். பைகளைத் தைத்துக் கொடுப்பது தையலக்கா. அவள் தையல் பிரிந்து வழியில் ஒரு சாமான் விழுந்ததில்லை. இப்போது மகள் வெளியூரில் டீச்சர். லீவு விட்டால் வந்து, அப்பா தயார் செய்து வைத்த பச்சை சைக்கிளில் ஏறித் தனியாக மலைப்பக்கம் போய்விட்டு வருவாள். ஒரு திருகாணியைத் தொட மாட்டாள். "அப்பா பார்த்தாச்சுன்னா போதும்" என்பாள்.

இரும்பைப் பற்றி அவர் ஒன்று சொல்வார். இரும்பு உடைவதற்கு முன்னால் சொல்லிவிட்டு உடையும்; அலுமினியம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். மனிதனின் மூளை இதில் எந்த ரகம் என்று அவரிடம் கேட்கத் தையலக்காவுக்கு மனம் வரவில்லை. அவர் மூளை சொல்லிக்கொண்டுதான் இருந்தது. கிரீஸ் டப்பாவுக்குள் மூக்குக்கண்ணாடி கிடந்தது. போன வருஷம் எண்ணெய் வாங்கப் போனவர், சாம்பல் சைக்கிளைப் பிடித்தபடி இரண்டு தெரு தள்ளி நின்று அழுதுகொண்டிருந்தார். பால்காரர்தான் கூட்டி வந்தார். அன்றிலிருந்து தையலக்கா அந்த சைக்கிளின் காற்றை அவருக்குத் தெரியாமல் ஊசியால் இறக்கிவிட்டு, டியூப் போயிடுச்சு என்று சொல்லி வந்தாள். அது பின்னறைச் சுவரில் கொக்கியில் தொங்கியது. மகள் போனில் கேட்டால், "அப்பாவுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கார்" என்பாள். பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. சொன்னால் மகள் டாக்டரிடம் கூட்டிப்போவாள், டாக்டர் ஒரு பெயர் சொல்வார், அப்புறம் ஸ்பானரை அவர் கையிலிருந்து வாங்க வேண்டியிருக்கும். அதை யார் வாங்குவது?

அன்று சாயங்காலம் மகள் லீவுக்கு வருவதாக இருந்தது. மத்தியானம் அவர் தூங்கினார். தையலக்கா பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக டார்ச்சைப் பெஞ்சில் நிற்க வைத்துவிட்டுக் கீயைக் கையில் எடுத்தாள். அவர் இடது கட்டையையும் வலது கட்டையையும் மாற்றி மாட்டியிருக்கிறார், அவ்வளவுதான். ஒன்றைக் கழற்றி மற்றதன் இடத்தில் வைத்தால் மூடின பக்கம் தானாக முன்னால் வந்துவிடும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. இடுப்புச் சுற்றளவு பார்க்கிற கண்ணால் ரிம்முக்கும் ரப்பருக்கும் நடுவே இடைவெளி பார்த்தாள். பிரேக்கை முழு பலத்தோடு பிடித்துச் சக்கரத்தைத் தள்ளினாள். நகரவில்லை. அவளுக்கு அழுகை வந்தது, பெருமையும் வந்தது. பெஞ்சின்மேல் சிதறிக் கிடந்த பழைய ரப்பர்களைக் கை நிறைய அள்ளிக் குப்பையில் போட்டாள். மகள் கொண்டுபோகிற கருவிப் பையின் வார் பிய்ந்திருந்தது. தைத்து வைப்போம் என்று எடுத்துப்போய்த் தையல் மிஷின்மேல் வைத்தாள்.

மகள் சாயங்காலம் வந்தாள், சாப்பிட்டாள், தூங்கினாள். விடிந்ததும் பைகளை மாட்டினாள். கிளம்புவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை பார்ப்பது பல்செட்டுக்காரரின் வழக்கம். மேடையை மிதித்துப் பச்சை சைக்கிளை உயர்த்தினார். "ஆ காட்டு" என்றார். மகள் சிரித்தாள். முன்சக்கரத்துக்கு வந்ததும் அவர் கை நின்றது.

"இதுல யாரு கை வச்சது?"

குட்டிக் கண்ணாடியை நீட்டி அந்தப் பக்கத்துக் கட்டையையும் பார்த்தார்.

"யாரோ மாத்தியிருக்காங்க. மூடின பக்கம் முன்னால வரணும்னு தலைபாடா அடிச்சுக்கிறேன். கொஞ்சம் விட்டிருந்தா பிள்ளை உசுரு போயிருக்கும்!"

அவர் குரல் உடைந்தது. உண்மையாகவே பயந்திருந்தார். கீயை எடுத்து, தையலக்கா சரி செய்த நாலு கட்டைகளையும் கழற்றி, இடம் மாற்றி, திறந்த பக்கம் முன்னால் வரும்படி மாட்டினார். என்ன சுத்தமான வேலை! ஒரு மயிரிழை கோணல் இல்லை. மகள் பக்கத்திலேயே நின்று அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தையலக்கா அவளுடைய முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் தெரியவில்லை.

"சரியாப்பா?"

"இப்ப சரி. கண்ணை மூடிக்கிட்டுப் போ, கண்ணு."

"சரிப்பா."

தண்ணீர் பாட்டில் நிரப்புகிற சாக்கில் தையலக்கா மகளைச் சமையலறைக்குள் இழுத்தாள். "அந்த பிரேக் கட்டை..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும்மா."

"என்னடி தெரியும்?"

"போன வருஷம் ஹேண்டில் திருகாணியையே இறுக்கலை. அதுக்கு முந்தி செயினைத் தப்பாக் கோத்திருந்தாரு. நான் இங்கேர்ந்து தள்ளிக்கிட்டே இறங்கிடுவேன். கீழ பஸ் ஸ்டாப்புல உக்காந்து எல்லாத்தையும் ஒரு தடவை அவுத்து மாட்டிட்டுத்தான் ஏறுவேன். எங்கிட்ட தனியா ஒரு செட்டு கீ இருக்கு."

தெருவின் உச்சியில் கடைசி வீடு அவர்களுடையது. வாசலிலிருந்து தெரு செங்குத்தாக இறங்கி, பாதி வழியில் ஒரு வளைவு எடுத்து, கீழே லாரிகள் ஓடுகிற பெரிய ரோட்டில் போய் முட்டும். பஸ் ஸ்டாப் அந்த முனையில். ஒவ்வொரு வருஷமும் மகள் சைக்கிளில் ஏறாமல், வளைவு வரைக்கும் தள்ளிக்கொண்டு, திரும்பித் திரும்பிக் கையாட்டிக்கொண்டே போவாள். பிரிய மனசில்லாமல் போகிறாள் என்று தையலக்கா நினைத்திருந்தாள்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லலை?"

"நீ ஏம்மா சொல்லலை?"

குழாயில் தண்ணீர் வழிந்தது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இந்த வீட்டில் இரண்டு கெட்டிக்காரிகள் வருஷக்கணக்கில் ஒருத்தியை ஒருத்தி ஏய்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். "திரும்பி வந்ததும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவோம்மா. இந்தத் தடவை மட்டும் அவரு சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் மகள். தையலக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். இனி ஒற்றை ஆளாகச் சுமக்க வேண்டியதில்லை. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. பிள்ளை பிழைத்தாள், அவர் மானமும் பிழைத்தது.

மகள் கிளம்பினாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, திரும்பித் திரும்பிக் கையாட்டிக்கொண்டு, வளைவில் மறைந்தாள். பல்செட்டுக்காரர் வாசலில் நின்று, "பாரு, நம்மளை விட்டுட்டுப் போக மனசே வரலை" என்றார். தையலக்கா ஆமாம் என்றாள். உள்ளே போய் டீ டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தாள். அப்போதுதான் அவர் குரல் கேட்டது.

"அடடா, பையை விட்டுட்டுப் போயிட்டாளே! கருவி இல்லாம மலையில என்ன பண்ணுவா?"

தையல் மிஷின்மேல் தையலக்கா வைத்து மறந்த பை. தைத்தும் வைக்கவில்லை, எடுத்தும் கொடுக்கவில்லை.

"விடுங்க, அவகிட்ட வேற இருக்கு," என்று சொல்லிக்கொண்டே ஈரக்கையோடு வந்தாள். கூடத்தில் அவர் இல்லை. வாசல் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. கீழே மகள் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு அவர் மாட்டிய கட்டைகளைக் கழற்றிக்கொண்டிருப்பாள். அதை இவர் பார்த்துவிட்டால்? அந்தப் பயம்தான் முதலில் வந்தது. மனுஷன் அங்கேயே உடைந்து போவார். "ஏங்க! நில்லுங்க!" என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

அவர் நடந்து போகவில்லை. சாம்பல் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். பிய்ந்த வாரை முடிச்சுப் போட்டுத் தோளில் மாட்டிய கருவிப் பை, சிறுபிள்ளை மாதிரி நிமிர்ந்த முதுகு, இரண்டு டயரிலும் கெட்டியாகக் காற்று. "வளைவுலயே பிடிச்சிடறேன்!" என்று திரும்பாமல் சொன்னார்.

டியூப் போய்விட்ட சைக்கிள் அல்லவா அது? எப்போது கொக்கியிலிருந்து இறக்கினார், எப்போது காற்றடித்தார்? தையலக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் பெஞ்சின்மேல் கிடந்த பழைய ரப்பர்கள் ஞாபகம் வந்தன. கை நிறைய. ஒரு சைக்கிளில் நாலுதான் கழற்ற முடியும். நாலு ரப்பர் ஒரு கையை நிறைக்காது.

அவள் செருப்பில்லாமல் ஓடினாள். வளைவுக்கு முன்னால் அவர் பிரேக் பிடிப்பதைப் பார்த்தாள். சைக்கிள் ஒரு கணம் தயங்கியது. பிறகு, யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்ட மாதிரி, வேகமெடுத்து வளைவில் சாய்ந்து மறைந்தது. உடனே மணி அடிக்கத் தொடங்கியது. வழக்கமாக இரண்டு தட்டுதான் தட்டுவார். இப்போது விடாமல் அடித்தது. வழி விடு வழி விடு என்று, கீழே கீழே போய்க்கொண்டே அடித்தது.

வளைவுக்கு வந்தபோது அவள் காலில் ஏதோ மிதிபட்டது. குனிந்து எடுத்தாள். விரல் நீள ரப்பர், புத்தம் புதுசு, ஒரு ஓரம் மட்டும் மழுங்கியிருந்தது. உள்ளங்கையைச் சுட்டது. இரண்டு எட்டு தள்ளி இன்னொன்று கிடந்தது. மணிச் சத்தம் நின்றிருந்தது. இன்னும் ஓரடி எடுத்து வைத்தால் தெரு முழுவதும் அடி வரைக்கும் தெரியும், பஸ் ஸ்டாப்பும் பெரிய ரோடும் தெரியும். தையலக்கா சுடுகிற ரப்பரைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு, அந்த ஓரடிக்கு இந்தப் பக்கம் நின்றாள்.